கலகக்காரர்கள் கேட்ட நாடாளுமன்றம்

கேள்வி: ஐரோப்பாவின் பழைய மக்கள் கிளர்ச்சிகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்டன. அப்படியிருக்க, நாடாளுமன்றத்தில் மக்கள் பங்கேற்கும் எண்ணத்தை அவை வளர்த்தன என்பது எப்படிப் பொருந்தும்?
– கல்லூரி மாணவி, வாடிப்பட்டி

பதில்: தோற்றவர்கள் எழுதிவைத்த கோரிக்கைகளைப் படித்தால் பொருந்தும். 1536இல் மன்னர் எட்டாம் ஹென்றிக்கு எதிராக வட இங்கிலாந்தில் திரண்டவர்கள் அவர் மூடிவந்த மடாலயங்களைக் காக்கவே கிளம்பினார்கள் என்றாலும், பான்டிஃப்ராக்ட் என்ற ஊரில் அவர்கள் வகுத்த கோரிக்கைகளில், நாடாளுமன்றத்தை நாட்டிங்ஹாமிலோ யார்க்கிலோ கூட்ட வேண்டும், உறுப்பினர் தேர்தல் முறையைச் சீர்திருத்த வேண்டும் என்பனவும் இருந்தன. தலைநகரில் கூடும் சபை தங்களுக்கு எட்டாதது என்ற அந்த மனக்குறை, சென்னைக்கு மனு எழுதிப் பழகிய மதுரைக்காரர்களுக்குப் புரியாததல்ல. மன்னர் தரப்பு வாக்குறுதி தந்து கூட்டத்தைக் கலைத்தது. மறு ஆண்டே தலைவர் ராபர்ட் ஆஸ்க் தூக்கிலிடப்பட்டார்.

கூர்மையான வாதம் 1647இல் லண்டனை ஒட்டிய பட்னியின் தேவாலயத்தில் நடந்தது. உள்நாட்டுப் போரில் மன்னர் முதலாம் சார்லஸை வென்ற நாடாளுமன்றப் படையின் வீரர்களும் அதிகாரிகளும் அங்கே கூடியபோது, ஓர் அரசுக்குக் கீழ் வாழும் மனிதன், எவ்வளவு ஏழையானாலும், முதலில் தன் ஒப்புதலைத் தந்திருக்க வேண்டும் என்றார் கர்னல் ரெயின்ஸ்பரோ. நிலையான சொத்துள்ளவர்களுக்கே வாக்கு என்று மறுத்தார் அதே படையின் உயர் அதிகாரி அயர்ட்டன். பெண்களைப் பற்றி இருவருமே பேசவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அயர்ட்டனின் வாதம்தான் நெடுநாள் வென்றது: பிரிட்டனில் வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை 1918இல்தான் வந்தது, நம் ஊரிலும் சொத்து, வரி, கல்வித் தகுதிகள் 1951-52 பொதுத் தேர்தலில்தான் முற்றிலும் நீங்கின.