பழைய மாருதி ஜென்னுக்கு வீட்டிலேயே என்ஜின் இறக்கி வேலை பார்க்கலாமா? எஸ்டீம் என்ஜின் மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் 1998-ஆம் ஆண்டு மாருதி ஜென் இருக்கிறது. புகை தள்ளுகிறது, இழுவை குறைந்துவிட்டது. ஊர் கீழக்கரைப் பக்கம். வீட்டு முற்றத்தில் வைத்தே என்ஜினை இறக்கிச் சரிசெய்ய முடியுமா? அல்லது பழைய எஸ்டீம் என்ஜின் ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாமா?

பதில்:

முடியும். ஆனால் பானெட்டைத் திறப்பதற்கு முன் ஒரு கோணிச் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள்.

நம் கரையில் பழைய கார்களைத் தின்பது உப்புதான். என்ஜின் தேய்மானம் அதற்குப் பிறகுதான். நான் இருப்பது உச்சிப்புளிப் பக்கம். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் காற்று அடித்தாலும் வாடைக் காற்று அடித்தாலும் தகட்டுக்கு உப்பு உறுதி. மதுரையில் நல்ல நிலையில் நிற்கும் அதே வருட வண்டி இங்கே தரைத்தகடு ஓட்டை விழுந்து நிற்கும். ஜென்னில் பார்க்க வேண்டிய இடங்கள்: ஜாக்கி வைக்கும் இடம், கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு, முன் சக்கரத்தின் லோயர் ஆர்ம் பிடித்திருக்கும் பகுதி, என்ஜின் மவுண்டிங் உட்காரும் குறுக்குச்சட்டம். ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் மேலே போகலாம். பொத்தென்று கேட்டு, துரு செதில் செதிலாக உதிர்ந்தால், முதலில் டிங்கரிங் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். மவுண்டிங் பிடிக்கும் சட்டமே இற்றுப்போன வண்டியில் புது என்ஜினை ஏற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்து, புகை. என்ஜினை இறக்கக் கிளம்பும் பலருக்கு அதை இறக்கவே தேவையில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் போயிருக்கிறது. அதை என்ஜின் வண்டியில் இருக்கும்போதே மாற்றலாம். மிதிக்கும்போதெல்லாம் நீலப் புகை என்றால் பிஸ்டன் ரிங்கும் போரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) தேய்ந்திருக்கும். கறுப்புப் புகை என்றால் கார்புரேட்டர் பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கிறது. வெள்ளைப் புகையும் ரேடியேட்டரில் தண்ணீர் குறைவதும் சேர்ந்து வந்தால் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

ஊகத்தில் நிற்க வேண்டாம். சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்றை வாங்குங்கள் அல்லது இரவல் கேளுங்கள். என்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அங்கே கோளாறு. குறைந்த சிலிண்டரின் பிளக் துளையில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயிலை ஊற்றி மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். சில நூறு ரூபாய்க் கருவி சொல்லும் இந்த உண்மையை ஓசை கேட்டே சொல்லிவிடுவதாகச் சாதிக்கும் மெக்கானிக்குகளிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

வேலைக்கு இறங்கினால் ஸ்பேனர் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் 10, 12, 14, 17 அளவுத் தலைகள்தான் வரும். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண போல்ட்டுகளில் 13-ஆம் அளவுத் தலை அதிகம். உடைந்த போல்ட்டுக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததைப் போட்டால், அடுத்து கழற்றுபவர் உங்களைத் திட்டுவார். கார்புரேட்டரின் நட்சத்திர ஸ்குரூக்களும் ஜப்பானியத் தரத்தில் வெட்டப்பட்டவை. சாதாரண ஸ்டார் டிரைவர் நழுவித் தலையைச் சிதைத்துவிடும். அந்தத் தரத்து டிரைவர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் சுத்தியலால் தட்டும் இம்பாக்ட் டிரைவரைப் பயன்படுத்துங்கள்.

சைலன்சர் பக்கத்து ஸ்டட்டுகள்தான் இங்கே பெரிய தலைவலி. உப்பும் சூடும் சேர்ந்து நட்டையும் ஸ்டட்டையும் ஒரே இரும்பாக்கிவிடும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஆயிலை ஊற்றி ஊறவிடுங்கள், காலையில் மறுபடி ஊற்றுங்கள். அப்படியும் அசையாவிட்டால் வெல்டிங் பட்டறையில் நட்டைச் சூடாக்கித் திருக வேண்டும். பலத்தைக் காட்டி முறித்துவிட்டால், அலுமினிய ஹெட்டில் துளையிட்டுப் புது இழை வெட்ட லேத்துக்குத்தான் போக வேண்டும்.

தூக்குவதற்கு வீட்டு உத்திரத்தில் செயின் பிளாக்கைக் கட்டாதீர்கள். பனங்கட்டை வைரம் பாய்ந்ததுதான். ஆனால் அது ஓட்டின் பாரத்துக்குப் போட்டது. மோட்டார் இறக்குபவர்கள் வைத்திருக்கும் இரும்புக் குழாய் முக்காலியை வாடகைக்கு வாங்குங்கள். என்ஜின் தொங்கும்போது அதற்குக் கீழே கையோ காலோ போகக்கூடாது. வண்டிக்கு அடியில் போகும்போதும் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். இருபுறமும் ஸ்டாண்ட் வேண்டும். முற்றம் மணலாக இருந்தால் அவற்றுக்குக் கீழே தடித்த பலகை போடுங்கள்.

பிரித்த பிறகு காற்றும் உங்களுக்கு எதிரிதான். ஆடிக் கச்சானில் மணல் பறக்கும் நாட்களில் பிளாக்கைத் திறந்தபடி வைத்தால், ரிங் மாற்றியதன் பயனே போய்விடும். போரிங் செய்து வந்த பிளாக்கைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கட்டும். உடனே துடைத்து, போரின் சுவரெங்கும் ஆயில் பூசி, பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள். ஆயில் பூசாமல் விட்ட போர் நம் காற்றில் ஓர் இரவிலேயே செம்மை தட்டிவிடும். ஹெட்டை அனுப்பும்போது பட்டறைக்காரரிடம் நேர்சட்டத்தையும் ஃபீலர் கேஜையும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தால் சீவத்தான் வேண்டும். திரும்பப் பூட்டும்போது ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள்.

நாள் குறிக்கும்போது மீன்பிடித் தடைக்காலத்தையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மண்டபம், பாம்பன், ராமேசுவரம் என்று எல்லா இடத்துப் படகு என்ஜின் வேலையும் அப்போதுதான் லேத் பட்டறைகளில் குவியும். உங்கள் ஜென் ஹெட்டை எடுத்துக்கொண்டு போனால், "தம்பி, படகு இறங்கட்டும், அப்புறம் வாங்க" என்பார்கள். அவர்கள் பிழைப்பு அது, கோபப்பட்டுப் பயனில்லை. பங்குனிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

இனி தண்ணீர். என்னைக் கேட்டால், இந்த மாவட்டத்தில் ஹெட் கேஸ்கெட் போவதற்கு முதல் காரணமே ரேடியேட்டரில் ஊற்றும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். குடிக்க முடியாத உவர்நீரை அலுமினிய ஹெட்டுக்குள் சுற்றவிட்டால் என்ன ஆகும்? நீர்ப்பாதைகளில் சுண்ணாம்பு படியும், அலுமினியம் அரிக்கும், நீர்ப்பாதைத் துளைகளை அடைக்கும் தகட்டு மூடிகளான வெல்ச் பிளக்குகள் உள்ளிருந்து துருப்பிடித்து ஒழுகும். வண்டி சூடேறும். மெக்கானிக், சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "இனிமேல் சூடாகாது" என்பார். கொஞ்ச நாள் ஆகாதுதான். ஆனால் என்ஜின் தன் வெப்பநிலைக்கு வராமலே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து ரிங்கைத் தின்னும். காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை உடைத்துப் போட்ட வைத்தியம் அது. பழைய கூலன்ட் வழிகளை நன்றாக அலசி, புதுத் தெர்மோஸ்டாட் போட்டு, கலந்தே விற்கும் கூலன்ட்டை ஊற்றுங்கள். அடர்கூலன்ட் வாங்கினால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்குங்கள். காவிரிக் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம்.

எஸ்டீம் என்ஜின் பற்றிக் கேட்டீர்கள். ஜென்னின் 993 சிசி, எஸ்டீமின் 1298 சிசி இரண்டும் சுஸுகியின் ஜி வரிசை என்ஜின்கள். அதனால்தான் இந்த மாற்றம் நாடெங்கும் பிரபலம். உடம்பை வெட்டி ஒட்டும் வேலை அதிகம் இல்லை. அதற்காக இறக்கி ஏற்றினால் ஓடிவிடும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வண்டி கார்புரேட்டர் வண்டி. கார்புரேட்டர் எஸ்டீம் என்ஜின் கிடைத்தால் வேலை பாதிதான். 2000-ஐ ஒட்டி வந்த எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும்) என்ஜின் என்றால் கம்ப்யூட்டர், முழு வயரிங், எல்லா சென்சார்களும், டேங்கில் மின்சாரப் பெட்ரோல் பம்ப், திரும்பி வரும் பெட்ரோல் குழாய் என்று அத்தனையும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் எல்லாம் கிடைக்கும் என்பார்கள்; கிடைக்கும், ஆனால் வெவ்வேறு வண்டியின் துண்டுகளாகக் கிடைக்கும். கூடும் வேகத்துக்கு ரேடியேட்டரும் பிரேக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்பதும் பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

எந்த என்ஜினைப் போட்டாலும் எர்த் வயரைப் புதிதாகப் போடுங்கள். நம் காற்றில் செம்புக் கம்பி உறைக்குள்ளேயே பச்சை பூத்திருக்கும். என்ஜினுக்கும் பாடிக்கும் எர்த் சரியில்லையென்றால், ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாக வழி தேடும். கேபிள் சூடாகிப் புகைவதைப் பார்த்துக் கார்புரேட்டரில் கோளாறு என்று அலைபவர்கள் உண்டு.

சட்டம் வேறு. அதே வகை என்ஜின் மாற்றினாலும் ஆர்சி புத்தகத்தில் என்ஜின் எண்ணைத் திருத்த வேண்டும். ராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கும் என்ஜினுக்கு ரசீதும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான தாளும் கட்டாயம் வேண்டும். அது இல்லாத என்ஜின் எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். எஸ்டீம் என்ஜின் ஜென்னுக்கு வேறு வகை. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதும், விபத்து நடந்து காப்பீடு கேட்கும்போதும் இது முன்னே வந்து நிற்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் எஸ்டீம் ஆசையை விட்டுவிட்டு, இருக்கும் 993 சிசி என்ஜினுக்கே ரிங், பேரிங், வால்வு சீல், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே தடவையில் மாற்றுவேன். பிளாக்கே வெடித்திருந்தால் இன்னொரு ஜென் என்ஜினைத் தேடுவேன். கம்ப்ரஷன் எடுத்துப் பார்த்துவிட்டு நான்கு எண்களையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஆயில் ஊற்றும் முன்பும் பின்பும் வந்தவை தனித்தனியாக வேண்டும்.