10 ஜிகாபிட் லிங்க்ல டிசிபிடம்ப் பாக்கெட்டை விட்டுடுது, டிபிடிகேக்கு மாறியே ஆகணுமா?

உங்க மேனேஜர் யார்கிட்டயோ கேட்டுட்டு வந்து "டிபிடிகே போடு"ன்னு சொல்லியிருப்பார்னு நினைக்கிறேன், எனக்கும் அதேதான் நடந்துச்சு. கொஞ்சம் பொறுங்க. டிசிபிடம்ப்னா லிங்க்ல போற பாக்கெட்டைப் பிடிச்சு வைக்கிற டூல்; டிபிடிகேன்னா கர்னலை, அதாவது லினக்ஸோட மையப் பகுதியை, தாண்டி புரோகிராமே கார்டுலேர்ந்து பாக்கெட்டை நேரா எடுத்துக்கற லைப்ரரி.

பாக்கெட் லாஸ்னு கம்ப்ளெயின்ட் வந்துச்சு, நான் டிசிபிடம்ப் ஓட்டி, பிடிச்ச பாக்கெட் இருக்கிற பீகேப் ஃபைல்ல நடுநடுவுல சீக்வன்ஸ் நம்பர் காணோம்னு காட்டி நெட்வொர்க் டீமை ரெண்டு நாள் வறுத்தெடுத்துட்டேன். கடைசில அந்த டீம்ல புதுசா சேந்த பொண்ணு அதே ஃபைலை வயர்ஷார்க்ல திறந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "சார், வந்தே சேராத பாக்கெட்டுக்கு ரிசீவர் எப்படி ஏக் அனுப்புச்சு?" ஏக்னா "வந்துடுச்சு"ன்னு ரிசீவர் அனுப்புற பதில். அப்பதான் உறைச்சுது, லிங்க்ல எதுவும் தொலையல, என் கேப்சர்தான் கோட்டை விட்டிருக்கு. கன்ட்ரோல் சி அடிச்சா கடைசி வரில "டிராப்டு பை கர்னல்"னு ஒரு எண் வரும்ல, அதை ஒரு தடவைகூட நான் பாக்கல.

அந்த அவமானத்துல டிபிடிகேக்குத் தாவினேன். அதுக்கு பைண்ட் பண்ணா போர்ட் கர்னல் கையை விட்டே போயிடும். இந்த இன்டர்ஃபேஸ் யூஸ்ல இருக்குன்னு ஸ்கிரிப்ட் தடுத்துச்சு, நான் ஃபோர்ஸ் போட்டேன், தூரத்துலேர்ந்து லாகின் பண்ணியிருந்த எஸ்எஸ்ஹெச் செஷன் அப்படியே உறைஞ்சு நின்னுடுச்சு. ஆமா, நான் உள்ள வந்ததே அந்த போர்ட் வழியாதான்.

கடைசில சரியானது எதாலன்னா, டிசிபிடம்ப்ல மைனஸ் எஸ் 96 போட்டு ஒவ்வொரு பாக்கெட்லயும் முதல் 96 பைட், அதாவது ஹெடர் மட்டும் எடுத்தேன், மைனஸ் பி (கேபிடல் B) 65536ன்னு பஃபரை 64 எம்பி ஆக்கினேன், ஈத்டூல் கமாண்ட்ல ஆர்எக்ஸ் ரிங்கை (கார்டுக்கு வர்ற பாக்கெட் காத்திருக்கிற வரிசை) 4096க்கு ஏத்தினேன், ஸ்கிரீன்ல ஓட விடாம ஃபைலுக்கு எழுதினேன், அவ்ளோதான். முழு பாக்கெட்டும் வேணும்னா செகண்டுக்கு 1.25 ஜிபி கிட்ட டிஸ்க் விழுங்கணும், டிஸ்க் தாங்கலைன்னா எந்த டூல் போட்டும் பிரயோஜனமில்ல.

டிபிடிகே ஆளுங்க அடிக்க வராதீங்க, அது வேண்டாம்னு சொல்லவே இல்ல. 1500 பைட் பாக்கெட்னா 10 ஜிகாபிட்ல செகண்டுக்கு 8 லட்சம் சொச்சம்தான், எங்களுது அந்த ரகம். அதுவே எல்லாம் 64 பைட்னா 1 கோடியே 48 லட்சம், ஒரு பாக்கெட்டுக்கு 67 நானோசெகண்டுதான் டைம், அங்க டிசிபிடம்ப் பருப்பு வேகாது. அப்பவும் நான் முதல்ல 2018ல லினக்ஸ் 4.18ல வந்த ஏஎஃப் எக்ஸ்டிபியைத்தான் பாப்பேன், அது பாக்கெட்டை வேகமா புரோகிராமுக்குக் கொடுக்கிற லினக்ஸ் சாக்கெட், போர்ட் கர்னல்கிட்டயே இருக்கும், எஸ்எஸ்ஹெச் பாக்கெட்டையும் சேத்து திருப்பி விடாத வரைக்கும் என்னை மாதிரி வெளிய மாட்டிக்க மாட்டீங்க.

என்ன, "டிபிடிகே இம்ப்ளிமென்ட் பண்ணேன்"னு எழுதின ஆளுக்கு அந்த வருஷம் ப்ரமோஷன் வந்துச்சு. மைனஸ் எஸ் போட்டேன்னு நான் அப்ரைசல் ஃபார்ம்ல எந்தக் கட்டத்துல எழுதுறது?