இளவரசியை மணந்தால் பாதி ராஜ்ஜியம் கிடைக்குமா?

கேள்வி: பாட்டி சொன்ன கதைகளில் இளவரசியை மணப்பவனுக்குப் பாதி ராஜ்ஜியமும் சேர்ந்து கிடைக்கும். இக்காலத்தில் அப்படி எங்கேனும் நடப்பதுண்டா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: ஜப்பானில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. மாப்பிள்ளைக்கு ராஜ்ஜியம் கிடைப்பது இருக்கட்டும், மணப்பெண்ணே பட்டத்தை இழந்துவிடுகிறார். 1947-ஆம் ஆண்டின் அரச குடும்பச் சட்டப்படி, சாமானியரை மணக்கும் இளவரசி அக்குடும்பத்தின் உறுப்பினர் என்ற நிலையை இழக்கிறார். பேரரசர் நருஹித்தோவின் தம்பி மகளான மாக்கோ, தம்முடன் பல்கலைக்கழகத்தில் படித்த கேய் கொமுரோவை 2021 அக்டோபர் 26 அன்று மணந்தபோது, பதிவுக்கான தாள்களை அரண்மனை அதிகாரிகள் உள்ளூர் அலுவலகத்தில் கொடுத்ததோடு சரி. சடங்கும் இல்லை, விருந்தும் இல்லை. வீட்டு வாசலில் பெற்றோருக்குத் தலைவணங்கி விடைபெற்ற அவரைத் தங்கை காக்கோ இறுகக் கட்டிக்கொண்டார். அரச குடும்பத்தாருக்குக் குடும்பப்பெயர் கிடையாது என்பதால், முப்பது வயதில் அன்றுதான் மாக்கோவுக்கு முதன்முதலாக ஒரு குடும்பப்பெயர் வாய்த்தது.

இப்படி வெளியேறும் இளவரசிக்கு அரசு ஒரு தொகை வழங்குவது வழக்கம். 2005-இல் டோக்கியோ மாநகர அரசு ஊழியர் ஒருவரை மணந்த சயாக்கோ, அப்போதைய பேரரசர் அகிஹித்தோவின் மகள், அதைப் பெற்றுக்கொண்டார். மாக்கோவோ சுமார் 15 கோடி யென்னை வேண்டாம் என்று மறுத்துவிட்டார். நான்கு ஆண்டுகளாகப் பத்திரிகைகள் மாப்பிள்ளை வீட்டாரின் பணத் தகராறு ஒன்றையே அலசித் தீர்த்திருந்த நிலையில், அவற்றின் வாயை அடைக்க மாக்கோ தந்த ஒரே பதில் அதுதான் என்பது என் எண்ணம்.

மருமகளாக வரும் சாமானியப் பெண்ணுக்கோ அதே சட்டம் கதவைத் திறந்துவிடுகிறது. மாவு ஆலை நிறுவனத் தலைவரின் மகளான மிச்சிக்கோ, கருயிசாவா டென்னிஸ் மைதானத்தில் பட்டத்து இளவரசரைச் சந்தித்து, 1959-இல் அவரை மணந்து, பின்னாளில் பேரரசியானார்.

கேள்வி: ஜப்பானியக் கதைகளில் இளவரசி எப்படிப்பட்டவள்? (வாசகர், ஈரோடு)

பதில்: ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மூங்கில் வெட்டியின் கதையில், ஒளிரும் மூங்கிலுக்குள் கிடைத்த சின்னஞ்சிறு குழந்தை ககுயா என்னும் பேரழகியாக வளர்கிறாள். பெண் கேட்டு வந்த ஐந்து பிரபுக்களிடம் கொண்டுவரவே முடியாத பொருள்களைக் கேட்டு அவள் தட்டிக் கழிக்கிறாள், பேரரசருக்கும் இசையவில்லை. முடிவில் அவளை அழைத்துப்போக நிலாவில் வாழ்பவர்கள் வந்து சிறகாடையைப் போர்த்தியதும், வளர்த்த கிழவன் கிழவி மீதிருந்த பாசம் அவள் நெஞ்சிலிருந்து அறவே அகன்றுவிடுகிறது. கல்யாணத்தில் முடியாத இளவரசிக் கதை என்பதாலேயே எனக்கு இதன் மீது தனிப் பிரியம்.

கேள்வி: ஜப்பானில் பெண் அரியணை ஏற வழியே இல்லையா? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: முன்பு இருந்தது. எட்டுப் பெண்கள் ஆண்டிருக்கிறார்கள். கடைசியாக ஆண்ட கோ-சகுராமாச்சி 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். ஆண்களுக்கு மட்டுமே அரியணை என்று 1889-இல் எழுதப்பட்ட விதியை 1947-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே வைத்துக்கொண்டது. அதைத் திருத்தலாம் என 2005-இல் அரசு அமைத்த குழு பரிந்துரைத்தது. ஆனால் மறு ஆண்டே மாக்கோவுக்குத் தம்பியாக ஹிசாஹித்தோ பிறக்கவே, பேச்சு கிடப்பில் போடப்பட்டது. பேரரசரின் ஒரே மகளான ஐக்கோ, 2024 ஏப்ரல் முதல் ஜப்பானியச் செஞ்சிலுவைச் சங்கத்தில் வேலைக்குப் போய் வருகிறார்.