ஒரு பகலில் ரவென்னா

கேள்வி: இத்தாலியில் போலோன்யா நகரில் தங்கப்போகிறோம். அங்கிருந்து ரவென்னாவுக்குக் காலையில் சென்று இரவு திரும்ப முடியுமா? வயதான பெற்றோரும் உடன் வருகிறார்கள். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பதில்: தாராளமாகப் போய் வரலாம். போலோன்யாவிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நிலையத்திலிருந்து பழைய நகரம் நடக்கும் தொலைவில்தான் இருக்கிறது என்பதாலும், ஊர் ஏற்ற இறக்கமில்லாத சமவெளி என்பதாலும், உங்கள் பெற்றோருக்குப் பெரிய சிரமம் இராது.

402-இல் மேலை ரோமப் பேரரசின் தலைநகராகி, பின்னர் ஜெர்மானிய இனத்தவரான கோத்தியரின் மன்னர் தியோடோரிக்கின் கைக்கு வந்து, 540-இல் பைசாந்தியர் (கிழக்கு ரோமப் பேரரசினர்) வசமான ஊர் இது. இங்குள்ள எட்டு நினைவுச் சின்னங்கள் 1996-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. எட்டையும் ஒரே நாளில் பார்த்துவிட ஓடாதீர்கள். மூன்றை நிதானமாகப் பார்த்தால் போதும்.

நிலையத்துக்கு அருகிலுள்ள சான்ட் அப்போலினாரே நுவோவோ ஆலயத்தில் தொடங்குங்கள். தியோடோரிக் கட்டியது. பலரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் வலப்பக்கச் சுவரில், வாசலுக்கு அருகே, சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்து உருவாக்கிய (மொசைக்) அரண்மனைச் சித்திரத்தின் முன் நில்லுங்கள். தியோடோரிக்கின் கோத்தியரிடமிருந்து பைசாந்தியருக்கு ஆட்சி மாறியபின் அங்கிருந்த மனித உருவங்களைப் பெயர்த்தெடுத்து, அவ்விடத்தில் திரைச்சீலைகளைப் பதித்தார்கள். ஆனால் தூண்களின் மேல் படிந்திருந்த சில கைகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். உடலற்ற அந்தக் கைகளும் விரல்களும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. ஓர் அரசு இன்னொன்றின் நினைவை அழிக்க முயன்றதை இவ்வளவு கண்கூடாகக் காட்டும் சுவர் அரிது.

அடுத்து, 547-இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விட்டாலே ஆலயம். பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனும் பேரரசி தியோடோராவும் பரிவாரங்களுடன் எதிரெதிர்ச் சுவர்களில் மொசைக் சித்திரங்களாக நிற்கிறார்கள். இருவருமே ரவென்னாவுக்கு வந்தவர்கள் அல்லர். அதே வளாகத்தில், ரோமப் பேரரசி கல்லா பிளாசிடியாவின் பெயரிலுள்ள மண்டபம் வெளியே வெறும் செங்கல் கட்டடம். உள்ளே நுழைந்ததும் இருட்டாகத்தான் இருக்கும். அவசரப்படாமல் கண் பழகும்வரை நின்றால், மெல்லிய அலபாஸ்டர் கற்பலகைகள் பதித்த சன்னல்களின் மங்கிய ஒளியில், கருநீல விதானத்தில் பொன் விண்மீன்கள் ஒவ்வொன்றாகத் துலங்கும். உள்ளே சில நிமிடங்களே நிற்க விடுவார்கள் என்பதால், இதற்கான நேரத்தை முன்பதிவு செய்துகொண்டு மற்ற இடங்களை அதற்கேற்ப வகுத்துக்கொள்ளுங்கள்.

நகர மையத்தில், ஃபிளாரன்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்டு 1321-இல் இங்கே மறைந்த கவிஞர் தாந்தேயின் கல்லறையையும் பார்த்துவிடலாம். ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிளாஸ்ஸே ஆலயம் அருமையானதே. ஆயினும் தனியாகப் பேருந்து பிடிக்க வேண்டியிருப்பதால், பெற்றோர் களைத்திருந்தால் இம்முறை அதை விட்டுவிடுங்கள்.