சொந்தத் தேவைக்கு எழுதிய மென்பொருளை யார் வாங்குவார்கள்?

வாடகைப் பாத்திரக் கடைக்காக நீங்களே எழுதிய மென்பொருள் இரண்டு ஆண்டுகளாக நன்றாக இயங்குவதாகவும், அதை வாங்க வேறு ஆட்கள் இருப்பார்களா என்று எப்படி அறிவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே கேள்வியோடு அலைந்தவன் என்பதால் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

திருப்பூரில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய பனியன் கம்பெனி ஒன்று உண்டு. நூல் நிட்டிங்கிற்குப் போய்த் துணியாகி, அந்தத் துணி சாயப்பட்டறைக்கும் பிறகு துணி சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங்கிற்கும் போய்த் திரும்புவதற்குள் எடை குறைந்துவிடும். அந்தக் குறைவு இயல்பான கழிவா, இன்னும் வர வேண்டிய துணியா என்பதை அப்பா, பொருளோடு அனுப்பும் சீட்டுகளான டெலிவரி சலான்களின் கட்டுகளைப் புரட்டித்தான் கண்டுபிடிப்பார். அந்தச் சிரமத்தைத் தீர்க்கவே நான் மென்பொருள் எழுதினேன்.

பிறகு அதைத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு கம்பெனிகளில் காட்டினேன். எல்லோரும் பாராட்டினார்கள், ஒருவரும் பணம் தரவில்லை. காரணம் புரிய ஓராண்டு ஆனது. நாங்கள் லாட்டுக்கு, அதாவது ஒரே தவணையாக அனுப்பும் துணித் தொகுதிக்கு, நிறத்தை வைத்து எண் கொடுப்போம். மற்றவர்கள் ஆர்டரை வைத்தோ துணியின் அகலத்தை வைத்தோ கொடுப்பார்கள். எங்கள் வீட்டுப் பழக்கத்தையே தொழிலின் விதி என்று எண்ணி மென்பொருளுக்குள் பூட்டி வைத்திருந்தேன்.

டேலி என்ற கணக்கு மென்பொருளின் கதையை அப்போதுதான் கவனித்துப் படித்தேன். ஆலைகளுக்கு மூலப்பொருளும் உதிரிபாகங்களும் வழங்கிவந்த சியாம் சுந்தர் கோயங்கா, தம் நிறுவனக் கணக்குக்குப் பொருத்தமான மென்பொருள் கிடைக்காமல் மகன் பாரத் கோயங்காவை எழுதச் சொன்னதில், 1986இல் பெங்களூரில் தொடங்கியது அது. ஒரு குடும்பத் தேவைக்கு எழுதியது எல்லாக் கடைகளுக்கும் பொருந்தியதற்குக் காரணம், பற்று வரவு முறை எங்கும் ஒன்றே என்பதுதான். அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது, 'டேலி தெரிந்த ஆள் தேவை' என்று கடை வாசல்களில் தொங்கும் அட்டை. கணக்கு எழுதுபவர் தாம் போகும் கடைக்கெல்லாம் தமக்குப் பழகிய கருவியையும் கொண்டுசெல்கிறார்.

எங்கள் தொழிலிலும் எல்லோருக்கும் பொதுவான விதி ஒன்று இருந்தது. ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி, ஜாப் ஒர்க்குக்கு, அதாவது சாயப்பட்டறை போன்ற வெளியாரிடம் கூலி வேலைக்கு, அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். அனுப்பியதையும் திரும்பியதையும் சலான்வாரியாக ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி படிவத்தில் காட்ட வேண்டும். பல கம்பெனிகளுக்குப் பகுதி நேரமாகக் கணக்கு எழுதும் ஒருவர் இந்த வேலைக்காக ஒவ்வொரு கம்பெனியாகச் சலான் கட்டுகளை வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் பணம் கொடுத்தவர் அவர்தான். நான் மாதக்கணக்கில் உழைத்துச் செய்த எடைக்குறைவு அறிக்கையை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரே திரையில் எல்லாக் கம்பெனிகளையும் பார்க்க வேண்டும், எக்ஸெலில் எடுக்க வேண்டும் என்ற இரண்டை மட்டும் கேட்டார். அந்த இரண்டையும் செய்த பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள்.

ஆகவே, "இதைப் பயன்படுத்துவீர்களா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள், முகத்துக்கு நேராக யாரும் மறுக்க மாட்டார்கள். இந்த வேலையை இன்று யார் செய்கிறார், எந்த நோட்டில் எழுதுகிறார், தவறினால் எவ்வளவு நட்டம் என்று கேளுங்கள். நோட்டை எடுத்துக் காட்டுபவருக்கு உண்மையிலேயே அந்தச் சிக்கல் இருக்கிறது. அவரிடம் சிறு தொகையாவது முன்பணமாகக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் தொழிலிலும் போன அண்டாவும் கரண்டியும் குறைந்துதான் திரும்புகின்றன. அந்தக் கணக்கு கடைக்காரருக்கு மட்டும் உரியதன்று. ஒரே முகூர்த்த நாளில் மூன்று கடைகளிலிருந்து பாத்திரம் எடுக்கும் சமையல் ஒப்பந்தக்காரரும், மண்டபச் சாமான்களை ஒப்படைத்துத் திரும்பப் பெறும் மேலாளரும் அதே கணக்கைத்தான் பார்க்கிறார்கள். மற்ற பாத்திரக் கடைகளுக்குப் போகும் முன் இவர்கள் இருவரின் நோட்டுகளையும் பாருங்கள்.