மூன்று வயது மாஞ்சியம்: பலகைக்கு விடலாமா, கூழுக்கு வெட்டலாமா?

கேள்வி: இரண்டு ஹெக்டேரில் அக்கேசியா மாஞ்சியம் நட்டு மூன்று வருடம் ஆகிறது. இடைவெளி 3 மீட்டருக்கு 3 மீட்டர். ஐந்தாம் வருடம் காகிதக் கூழுக்கு வெட்டிவிடச் சொல்கிறார்கள். எனக்குப் பலகை மரமாக வளர்க்க ஆசை. அதற்காகக் கீழ்க் கிளைகளை எல்லாம் இப்போது கவாத்து செய்யலாமா? காற்றில் சாய்ந்த ஒரு மரத்தை அறுத்தபோது நடுவே அழுகியிருந்தது. வெளியே ஒரு அறிகுறியும் இல்லை.

பதில்: கவாத்து வேண்டாம், குறைந்தபட்சம் தடித்த கிளைகளில் வேண்டவே வேண்டாம். பலகையா கூழா என்பதையும் இன்றே முடிவு செய்யத் தேவையில்லை. முதலில் பாதி மரங்களை வெட்டி எடுத்து, நெருக்கம் குறையும்படி தோப்பைக் கலைத்துவிடுங்கள். நீங்கள் தேடும் பதில் அந்த வெட்டிய மரங்களுக்குள் இருக்கும்.

நீங்கள் பார்த்தது வைர அழுகல், அதாவது மரத்தின் நடுக்கட்டை உள்ளேயே அழுகுவது. மாஞ்சியத்தின் பழைய வியாதி இது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து 1966இல் மலேசியாவின் சபா மாநிலத்துக்கு வந்த இந்த மரத்தைப் பலகைக்காகப் பெரிய அளவில் நட்டார்கள். வெளியே செழிப்பாக நின்ற மரங்களின் உள்ளே அழுகல் இருப்பது 1980களில் தெரியவந்தது. தீபகற்ப மலேசியாவில் 1992இல் புதிய நடவையே நிறுத்தி வைத்தார்கள்.

மரத்தின் வெளிப்பக்க வெண்பகுதி உயிருள்ளது. காயம் பட்டால் அந்த இடத்தைத் தானே அடைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் வைரம் உயிரற்றது, அதனால் அது எதிர்த்து நிற்காது. மாஞ்சியத்தில் கிளை இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் தடித்தாலே அதற்குள்ளும் வைரம் பாய்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட கிளையை வெட்டினால் பூஞ்சைக்கு அடிமரத்தின் நடுப்பகுதி வரை நேர்வழி கிடைத்துவிடும். காய்ந்து ஒட்டிக்கொண்டு நிற்கும் கட்டைக் கிளைகளும் இதே வழியைத்தான் திறந்துவிடுகின்றன. மூன்று வயதில் ஒரேயடியாகக் கவாத்து செய்வதை நான் தடுப்பது இதனால்தான். விரல் பருமனுக்குள் இருக்கும் கிளைகளை மட்டும் எடுக்கலாம். கிளை அடியில் புடைத்திருக்கும் வளையத்தை ஒட்டி, வளையத்தைச் சேதப்படுத்தாமல் ரம்பத்தால் அறுங்கள். குச்சி நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. தார், பெயின்ட் பூச வேண்டாம்.

சரி, கலைப்பதற்கு வருவோம். உங்கள் இடைவெளியில் ஹெக்டேருக்கு சுமார் 1,100 மரம் நிற்கும். பலகை மரத்துக்கு அது நெருக்கம். 500 முதல் 600 வரை நின்றால் போதும். வரிசை எண்ணி ஒன்றுவிட்டு ஒன்று வெட்டாதீர்கள், மரத்தைப் பார்த்து வெட்டுங்கள். கவைத்தது, வளைந்தது, அடியில் காயம்பட்டது, நிழலில் அடங்கிப் போனது எல்லாம் முதலில் போகட்டும். நேராக ஓங்கி நிற்பதற்கு வெள்ளைக் கோடு போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால் ஆட்கள் தவறி வெட்ட மாட்டார்கள். மழையும் புயலும் ஓய்ந்த காய்ந்த பருவத்தில் செய்யுங்கள். புதிதாக இடைவெளி கிடைத்த மரங்கள் கொஞ்ச காலம் காற்றுக்குத் தாங்காது.

வெட்டியதில் முப்பது மரத்தையாவது தோப்பின் எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்து, மீட்டருக்கு ஒரு துண்டாக அறுத்துப் பாருங்கள். நடுவில் நிறம் மாறி, வெளுத்து நார்நாராகப் பிரிந்தால் அழுகல். கழித்துக்கட்டிய மரங்களில் கோளாறு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல் கெட்டிருந்தால் நான் கூழுக்கே கொடுத்துவிடுவேன். கூழில் இந்த அழுகலால் பெரிய நஷ்டம் வராது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால், மீதியை எட்டு முதல் பத்து வயது வரை நம்பி விடலாம்.

ஒரு எச்சரிக்கை. சாய்ந்த மரத்தில் இருந்தது நடு அழுகல் மட்டும்தான் என்றால் தோப்புக்கு உடனடி ஆபத்து இல்லை. ஆனால் ஒரு மரம் திடீரென்று முழுதாக வாடி, பட்டையைச் சீவினால் உள்ளே கருங்கோடுகள் தெரிந்தால் அது வேறு நோய்: செரட்டோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் வாடல். சுமத்ராவிலும் சபாவிலும் பெரிய மாஞ்சியம் தோட்டங்களை அழித்து, பலரை யூக்கலிப்டஸ் பெல்லிட்டா என்ற தைல மர வகைக்கு மாற வைத்தது இதுதான். இதுவும் காயம் வழியாகவே நுழைகிறது. கட்டைகளை இழுக்கும்போது நிற்கும் மரங்களின் பட்டை உரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரம்பத்தை அவ்வப்போது ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

பட்டை, தழை, கிளைகளை எரிக்காமல் நிலத்திலேயே விடுங்கள். அக்கேசியா தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும். மணிச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் நிலத்திலிருந்துதான் வர வேண்டும்.

அடுத்த நடவையும் பலகைக்காகவே செய்வதாக இருந்தால், மாஞ்சியமும் ஆரிகுலிஃபார்மிஸ் என்ற இன்னொரு அக்கேசியாவும் கலந்த கலப்பினத்தின் குளோன் நாற்றை (விதையில்லாமல் தாய் மரத்திலிருந்தே எடுத்து வளர்த்தது) வாங்குங்கள். கலப்பின மரத்தின் விதையில் முளைத்த நாற்று தாயைப் போல வராது. நட்ட நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் ஒற்றைத் தண்டாக்கிவிட்டு, பிறகு கிளைகள் தடிக்கும் முன்பே சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டே வாருங்கள்.