பழைய செல்போனையே ரிப்பேர் செய்து ஓட்டுவதால் சுற்றுச்சூழலுக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. உங்கள் போன் நன்றாகத்தான் இருக்கும், பேட்டரி மட்டும் சாயங்காலம் வரை தாங்காது என்று நினைக்கிறேன். "இன்னும் இதையா வச்சிருக்கே?" என்று பார்ப்பவர்களெல்லாம் கேட்டுக் கேட்டு உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கும். அந்தப் பேச்சை வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு போன் பேட்டரியின் கொள்ளளவு பெரும்பாலும் இருபது வாட் மணிக்குள்தான் இருக்கும் (ஆயிரம் வாட் மணி சேர்ந்தால்தான் ஒரு யூனிட்). தினமும் முழுக்கக் காலியாக்கி மறுபடி சார்ஜ் ஏற்றினாலும் வருடத்துக்குப் பத்து யூனிட் மின்சாரம் ஆகாது. பாதிப்பில் பெரும்பகுதி போன் நம் கைக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது: பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட் உலோகத்தை எடுக்கும் காங்கோ சுரங்கங்களில், சிப் ஆலைகள் விழுங்கும் மின்சாரத்தில், தண்ணீரில். தயாரிப்பாளர்கள் வெளியிடும் சுற்றுச்சூழல் அறிக்கைகளையே எடுத்துப் பாருங்கள். ஒரு போனின் மொத்த ஆயுளில் வெளியாகும் கரியமில வாயுவில் முக்கால் பங்கு அளவுக்குத் தயாரிப்பில்தான் வருகிறது. இரண்டு வருடத்தில் தூக்கிப்போடும் போனை நான்கு வருடம் ஓட்டினால் அந்தச் சுமை வருடக் கணக்கில் பாதியாகிவிடும். புது மாடல் கரண்ட்டை மிச்சப்படுத்தும் என்று யாராவது சொன்னால், பத்து யூனிட்டில் எவ்வளவு மிச்சமாகும் என்று கேளுங்கள்.

உடனே, "அப்படியானால் ஓட்டை ஃபிரிட்ஜையும் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?" என்று பின்னூட்டத்தில் வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் இரவும் பகலும் ஓடுவது. மிகப் பழையதாக இருந்தால் வருடத்துக்கு நூற்றுக்கணக்கான யூனிட் இழுக்கும். அதை மாற்றுவதில் நியாயம் இருக்கலாம். நான் பேசுவது போன், லேப்டாப் மாதிரியான சாமான்களைப் பற்றி.

இனி என் கதை. ஒரு நாள் என் போனின் பின்மூடி ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது, நகம் நுழையும் அளவுக்கு. பேட்டரி உப்பிவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. உடனே அணைத்து, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்தவர் போனைக் கையில்கூட வாங்கவில்லை. "இந்த மாடலுக்கு பேட்டரி வர்றதில்ல சார். எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்குங்க." போனில் வேறு என்ன கோளாறு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, இப்போது எழுதும்போதும் வருகிறது.

தனியாகக் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். பின்மூடியின் ஓரங்களை மெல்லச் சூடாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை நுழைத்துச் சுற்றிலும் நகர்த்தினார். பசை நூல் நூலாக இழுபட்டு மூடி வந்துவிட்டது. பேட்டரியையும் அடியில் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அவர் அதை நெம்பவில்லை. உப்பிய லித்தியம் பேட்டரியில் ஸ்க்ரூடிரைவர் பட்டுக் கிழிந்தால் தீப்பிடிக்கும். ஓரமாகச் சில சொட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டு, பசை இளகும் வரை காத்திருந்து, அப்புறம்தான் எடுத்தார். உள்ளே போர்டும் கேமராவும் பளிச்சென்று இருந்தன. "வர்றதில்ல" என்று சொன்ன பேட்டரி அவருடைய மேஜை டிராயரில் இருந்தது. அந்த போனில்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

எல்லாருக்கும் இப்படி ஒரு மெக்கானிக் கிடைப்பாரா என்று கேட்பீர்கள். கிடைக்காமல் போகலாம், அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன். போன், லேப்டாப் போன்றவற்றை விற்கும்போதே எவ்வளவு எளிதாக ரிப்பேர் செய்யலாம் என்று மதிப்பெண் காட்ட வேண்டும் என்று பிரான்ஸில் 2021-இல் விதி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களுக்கு, அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் 7 வருடம் முக்கிய உதிரிபாகங்கள் கிடைத்தாக வேண்டும். கட்டாயம் வந்தால் கம்பெனிகளால் செய்ய முடிகிறது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் மட்டும் ஏன் கெஞ்ச வேண்டும்?

கேள்விக்கு நேரடித் தொடர்பில்லைதான், ஆனால் இதையும் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. நான் வேலை பார்க்கும் இடத்தில் சுற்றுச்சூழல் தினம் வந்தால் ஆளுக்கொரு புதுத் துணிப்பை கொடுக்கிறார்கள். போன வருடப் பை பிரிக்காமலே கிடக்கிறது. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால்கூட ஒரு பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் அது சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். எல்லா வகைப் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை. கடலில் சேரும் பிளாஸ்டிக் அந்தக் கணக்கில் வரவில்லை, அது எனக்கும் தெரியும். நான் பிளாஸ்டிக் பைக்கு வக்காலத்து வாங்கவில்லை. இருக்கும் பையைப் பயன்படுத்தவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சரி, உங்கள் போனுக்கு வருகிறேன். பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பேட்டரியை மாற்றிக்கொண்டு தாராளமாக ஓட்டுங்கள். நின்றுவிட்டதென்றால் வங்கி வேலைகளை மட்டும் அதில் வைத்துக்கொள்ள வேண்டாம். கழற்றிய பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு போட்டுவிடாதீர்கள், நசுங்கினால் குப்பை லாரியிலேயே தீப்பிடிக்கும். 2022-இல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடம் எது என்று விசாரித்து, பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.